நூறு ஜெராக்ஸ்

ஐந்து லட்சம் கடன் வாங்கியவர் கணக்கில் நாலு லட்சத்து எழுபத்தாறாயிரத்து நானூறு ரூபாய்தான் ஏறியிருக்கிறது என்றால், மீதி எங்கே போயிற்று என்று கேட்கும் உரிமை பெண்டாட்டிக்கு உண்டு. அந்தப் பெண்டாட்டி கல்லாவில் உட்காருகிறவளாகவும், கடைக்கே பெயர் கொடுத்தவளாகவும் இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

வெயிலம்மாள் கேட்டாள். கேட்ட நேரம்தான் சரியில்லை. கரிசலில் இரண்டு உழவு மழை இறங்கியிருந்தது. மக்காச்சோளம் முழங்கால் உயரத்துக்கு வந்து யூரியாவுக்குக் காத்து நின்றது. கோவில்பட்டி எட்டயபுரம் ரோட்டில் 'வெயிலம்மாள் உரக்கடை' வாசலில் நாற்பது பேர் அதே யூரியாவுக்குக் காத்து நின்றார்கள். அவள் புருஷன் மந்திரமூர்த்தி ஒவ்வொருவரிடமும் மெஷினில் கைரேகை வாங்கி, மூடைக்கு ஒரு பயிர் டானிக் பாட்டிலையும் சேர்த்துப் பில் போட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இருபத்து மூவாயிரத்து அறுநூறு கொறையுதே, எங்க போச்சு?" என்று வெயிலம்மாள் பாஸ்புக்கைக் கல்லாப்பெட்டி மேல் விரித்து வைத்தாள்.

"பேங்குல சார்ஜு புடிச்சிருப்பாவ."

"சார்ஜுன்னா நூறு எறநூறு புடிப்பாவ. இது ஒரு பிரிட்ஜு வெலையால்லா இருக்கு."

மந்திரமூர்த்திக்கு அப்போதுதான் உறைத்தது. கயத்தாறில் இருக்கும் அவருடைய தங்கச்சி சுடலைச்செல்வி போன மாதம்தான் இரட்டைக் கதவு பிரிட்ஜ் ஒன்று வாங்கியிருந்தாள். விலை இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு என்று பார்த்தவர்களிடம் எல்லாம் சொல்லியும் இருந்தாள். அது அவள் புருஷன் சீட்டு எடுத்து வாங்கியது. ஆனால் அதைச் சொன்னால் நம்புகிற முகமாக வெயிலம்மாளின் முகம் இல்லை. கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் மந்திரமூர்த்தி பெண்டாட்டியிடம் பெரிய பொய் என்று ஒன்றுதான் சொல்லியிருந்தார். அது இதே தங்கச்சிக்குக் கிரைண்டர் வாங்கிக் கொடுத்த விஷயத்தில். ஒரு தடவை பேர் கெட்டுப்போனவன் கோயிலுக்குப் போனாலும் உண்டியலைப் பார்க்கப் போகிறான் என்றுதான் சொல்வார்கள்.

மறுநாள் காலையில் கடையைப் பாதி திறந்த மேனிக்கு விட்டுவிட்டு பேங்குக்குப் போனார். கடன் கொடுத்த ஆபீசரம்மா மாற்றலாகிப் போயிருந்தார். அந்த நாற்காலியில் சுதாராணி என்கிற புது மேடம் இருந்தார். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, அது கடன் பாதுகாப்பு இன்சூரன்ஸ் என்றார். கடன் கட்டி முடிப்பதற்குள் மந்திரமூர்த்திக்கு ஏதாவது ஆகிவிட்டால் மீதிக் கடனை இன்சூரன்ஸ் கம்பெனி பேங்குக்குக் கட்டிவிடும். அதற்கு உண்டான தொகையைக் கடனிலிருந்தே முதலில் எடுத்துக்கொண்டார்கள்.

"நான் அப்படி ஒண்ணு கேக்கவே இல்லியே மேடம்."

"கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார். முப்பத்தெட்டுக் கையெழுத்துல இது இருபத்தொன்பதாவது."

மூடை அடுக்கக் கிட்டங்கி கட்ட வாங்குகிற கடன் என்பதால், வெள்ளிக்கிழமைதான் கையெழுத்துப் போடுவேன் என்று நின்றவர் மந்திரமூர்த்தி. பேங்க் கதவு பத்து மணிக்குத் திறக்கும். பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். இந்த அரை மணி நேரத்துக்குள் முப்பத்தெட்டு இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றால் எவன் படித்துப் பார்ப்பான்? பழைய ஆபீசரம்மா விரலை வைத்த இடத்தில் எல்லாம் இவர் பேனாவை வைத்தார். பத்து இருபத்தாறுக்கு முடித்துவிட்டு, நாலு நிமிஷம் மிச்சம் என்று பிள்ளையாரை நினைத்துக் கும்பிட்டதுகூட ஞாபகம் இருந்தது.

"நல்ல நேரம் பார்த்துத்தான் போட்டிருக்கீங்க" என்றார் சுதாராணி தேதியைப் பார்த்துவிட்டு. கேலியா, நிஜமா என்று தெரியவில்லை.

பெண்டாட்டியிடம் காட்ட ஒரு காகிதமாவது கொடுங்கள் என்று கேட்டதற்கு, பாலிசிப் பத்திரம் கம்பெனியிலிருந்துதான் வர வேண்டும், போன் பண்ணிக் கேளுங்கள் என்று ஒரு நம்பரை எழுதிக் கொடுத்தார். வீட்டில் வந்து வெயிலம்மாளிடம் விஷயத்தைச் சொன்னார்.

"அப்பம் நீங்க போயிட்டா பணம் பேங்குக்கு. எனக்கு?"

"ஒனக்குக் கடன் இல்லாமப் போகும்."

"கடன் வாங்கினது நீங்க. காயிதத்தக் காட்டுங்க, நம்புதேன்."

அந்த நம்பருக்குப் போன் பண்ணியதும் ஒரு பதிவு செய்த குரல் இந்தியில் பேசியது. பிறகு இங்கிலீஷில் பேசியது. கடைசியில், தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. ஒன்றை அழுத்தினார், தமிழ் வந்துவிட்டது. அதோடு ஒன்று ராசியான எண் என்று மந்திரமூர்த்தி முடிவு கட்டிவிட்டார். வாசலில் இருபது பேர் மூடைக்கு நிற்கிறார்கள், காதில் ஒரு பெண் குரல் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போகிறது, நடுநடுவே எதையாவது அழுத்தச் சொல்கிறது. ஒவ்வொரு தடவையும் இவர் ஒன்றையே அழுத்தினார். ஏழாவது தடவை அழுத்தியதும் அந்தக் குரல் வாழ்த்துச் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டது.

ஐந்து நிமிஷத்தில் வெயிலம்மாளின் போனில் டிங் என்று ஒரு செய்தி வந்தது. கணக்கு இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்தால் ஒரு நாளைக்கு ஐந்நூறு ரூபாய் தரும் திட்டத்தில் சேர்ந்ததற்கு நன்றி என்றும், ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய் எடுத்துக்கொண்டோம் என்றும் அதில் இருந்தது. முதல் பாதி இங்கிலீஷில் இருந்ததால் வெயிலம்மாள் இரண்டாம் பாதியை மட்டும் படித்தாள்.

"இது என்னத்துக்கு? பிரிட்ஜுக்கு ஸ்டாண்டா?" என்று கேட்டாள்.

அன்று ராத்திரி மந்திரமூர்த்திக்குச் சோறு கிடைத்தது, குழம்பு கிடைக்கவில்லை.

மறுபடியும் சுதாராணியிடம் போனார். அந்த அம்மாள் நல்ல மாதிரி. போனில் எல்லாம் ஆகாது சார், எழுத்து மூலம் புகார் கொடுங்கள் என்று வழி சொன்னார். மந்திரமூர்த்தியும் இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நிம்மதியாகத் திரும்பினார். பேங்குக்கு ஒரு வழக்கம் உண்டு, கடன்காரர் வாயைத் திறந்தால் ஜாமீன்தாரருக்குக் கடிதம் போடும். பத்தே நாளில் அந்தக் கடிதம் பசுவந்தனைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஜாமீன் போட்டவர் பேச்சிராஜா, வெயிலம்மாளின் அண்ணன். பசுவந்தனையில் பன்னிரண்டு ஏக்கர் கரிசலும், அந்தக் கரிசலைவிட அகலமான மீசையும் உள்ளவர். மேற்படி கடன் தொடர்பாகத் தகராறு எழுந்துள்ளது என்ற ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு, சாப்பிட்ட கையைக் கழுவியும் கழுவாமலும் புல்லட்டில் ஏறியிருக்கிறார்.

"என்ன மாப்ள, என் நெலத்த ஏலத்துக்குக் கொண்டுவரதுக்கா கையெழுத்து வாங்குனிய?"

மந்திரமூர்த்தி முதலிலிருந்து விளக்கினார். வெள்ளிக்கிழமை, ராகுகாலம், இருபத்தொன்பதாவது கையெழுத்து, ஒன்று என்கிற ராசியான எண் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது. பேச்சிராஜா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தங்கச்சி பக்கம் திரும்பி, நீ என்ன சொல்லுத என்று மட்டும் கேட்டார். வெயிலம்மாள் கல்லாச் சாவியை மேஜை மேல் வைத்தாள்.

"பணம் எங்க போச்சுன்னு காயிதத்தோட வாங்க. அதுவரைக்கும் நான் அண்ணன் வீட்ல இருக்கேன்."

புல்லட் கிளம்பிப் போன பிறகு கடை வெறிச்சென்று ஆகிவிட்டது. வாசலில் முப்பது பேர் நின்றாலும் வெறிச்சென்றுதான் இருந்தது. மந்திரமூர்த்தி கல்லாவில் உட்கார்ந்தால் மூடை எண்ண முடியவில்லை, மூடை எண்ணினால் சில்லறை தப்பியது. மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிட்டு வயிறு கெட்டது. வீட்டில் அவளுடைய சேலை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்து மடித்து வைக்கவும் மனசு வராமல் அப்படியே விட்டிருந்தார். கிரைண்டர் விஷயத்தில் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் பிரிட்ஜ் விஷயத்தில் உண்மை எடுபட்டிருக்கும் என்று நினைத்து நினைத்து மருகினார்.

மூன்றாவது தடவை பேங்குக்குப் போனபோது சுதாராணி குரலைத் தணித்துக்கொண்டு ஒரு யோசனை சொன்னார். ஒரு ஆள் கொடுத்தால் அது வெறும் புகார், மேலே போகாது. இதே கிளையில் இதே மாதிரி இன்னும் நாலு பேருக்குப் பிடித்திருந்து, எல்லாரும் சேர்ந்து எழுதினால் மண்டல ஆபீசில் பார்த்தே ஆக வேண்டும்.

மந்திரமூர்த்திக்கு நாலு பேரைப் பிடிப்பது ஒரு காரியமா? அவர் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த பேங்கில்தான் கடன் வாங்கியிருந்தார்கள். யூரியா வாங்க வருகிறவர்களிடம் கைரேகையோடு சேர்த்துப் பாஸ்புக்கையும் கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏழு பேர் அகப்பட்டார்கள். அதில் முக்கியமானவர் பசுவந்தனைப் பக்கத்து சோலைச்சாமி. டிராக்டர் கடனில் அவருக்குப் பதினெட்டாயிரம் பிடித்திருந்தார்கள். இரண்டு வருஷமாக அவர் அதை வட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

சோலைச்சாமியின் பத்திரத்தைப் பார்க்க அவர் வீட்டுக்கே போனார் மந்திரமூர்த்தி. சோலைச்சாமியின் பெண்டாட்டி பாண்டியம்மாள் காப்பி கொண்டுவந்தாள். காற்றில் அடித்துக்கொண்ட கதவை அவள் காலால் தள்ளி, ஒரு பயிர் டானிக் பாட்டிலை அண்டக் கொடுத்துவிட்டுப் போனாள். மூடி பிரிக்காத பாட்டில். தலைக்கு மேல் அட்டாலியில் அதே மாதிரி இன்னும் ஒரு வரிசை இருந்தது. கதவுக்கு வைக்காமல் பயிருக்கு வைத்தால் கதிர் இன்னும் ஒரு சாண் நீண்டிருக்குமே என்று மந்திரமூர்த்தி ஆதங்கத்தோடு சொன்னார். சோலைச்சாமி அந்த வரிசையை ஒரு தடவை பார்த்துவிட்டு, பத்திரத்தை எடுத்துவர உள்ளே போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைக்குள் கூட்டம் போட்டார்கள். ஏழு பேரை வரச் சொன்னால் ஏழு பேரும் வீட்டுக்கு இரண்டு பேராக வந்துவிட்டார்கள். மூடைகள் மேல் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டார்கள். மந்திரமூர்த்தி அதுவரை கூட்டத்தில் பேசியதில்லை. ஆனால் பதினேழு நாள் ஓட்டல் சாப்பாடு ஒரு மனிதனைப் பேச்சாளனாக ஆக்கிவிடும்.

"நாம கேட்டது கடன். அவிய தலையில கட்டுனது இன்சூரன்ஸ். கடைசியில நஷ்டம் யாருக்கு? கஷ்டப்பட்டு வெள்ளாமை வைக்கிற நமக்கு. ஒண்ணு வாங்கணும்னா இன்னொண்ணையும் வாங்கியே தீரணும்னு சொல்லுதது சட்டப்படி தப்பு. கையெழுத்துப் போட்டாச்சேன்னு பயப்படாதீங்க. நமக்கு அவசரம்னு தெரிஞ்சுதான அவிய அப்படிச் செய்யுதாவ. கேளுங்க. வாயால கேக்காதீங்க, எழுதிக் கேளுங்க."

சோலைச்சாமி மூடை மேலிருந்து எழுந்து, ஒரு சந்தேகம் என்றார்.

"இந்தச் சட்டம் பேங்குக்கு மட்டுந்தானா அண்ணாச்சி?"

"சட்டம்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதான்" என்றார் மந்திரமூர்த்தி. "யாரா இருந்தாலும் கேக்காதத தலையில கட்டக் கூடாது."

எல்லாரும் தலையாட்டினார்கள். பாண்டியம்மாள் இரண்டு தடவை ஆட்டினாள்.

புகாரை யார் எழுதுவது என்ற பேச்சு வந்ததும் அந்தப் பொறுப்பையும் மந்திரமூர்த்தியே ஏற்றுக்கொண்டார். ஒருவருக்கு டிராக்டர் கடன், ஒருவருக்கு மாட்டுக் கடன், இவருக்குக் கிட்டங்கிக் கடன். எட்டுப் பேருக்கு எட்டு விதமாக எழுத முடியாது என்பதால், யாருக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே கடிதமாக யோசித்து எழுதினார். மூன்று தடவை அடித்துத் திருத்திய பிறகு அது இப்படி வந்தது:

'ஐயா, நான் தங்கள் பேங்கில் கேட்டது ஒன்று. அதனுடன் நான் கேட்காத வேறொன்றையும் சேர்த்து, இது இல்லாமல் அது கிடையாது என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டீர்கள். என் அவசரத்தைப் பயன்படுத்திக்கொண்டீர்கள். எனக்கு அதனால் எந்த உபயோகமும் இல்லை. அதற்கு வாங்கிய தொகையை உடனே திருப்பித் தரவும். தவறினால் மேலிடத்துக்குப் போவேன். இப்படிக்கு,' என்று முடித்து, கீழே பேருக்கும் ஊருக்கும் கோடு விட்டிருந்தார்.

ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கம் இரண்டு ரூபாய் என்றார்கள். நூறாக எடுத்தால் ஒரு ரூபாய்தான். எட்டுப் பக்கத்துக்குப் பதினாறு ரூபாயோடு முடிந்துபோகிற காரியம். ஆனாலும் வியாபாரியாகப் பிறந்தவர், பாதி விலைக்குக் கிடைப்பதை விட்டுவிட்டு வர மனசு கேட்கவில்லை. நூறு எடுத்தார். நூறு ரூபாய் கொடுத்து நூறு ரூபாய் லாபம் பார்த்த திருப்தியோடு வெளியே வந்தார். எட்டுப் பக்கம் பேங்குக்குப் போயிற்று. மிச்சம் தொண்ணூற்றிரண்டையும் சோலைச்சாமி கையில் கொடுத்து, ஊரில் யாருக்காவது உதவும், கேட்டால் கொடுங்கள் என்றார். தாராளமாகத்தான் கொடுத்தார்.

சுதாராணி சொன்னது பலித்தது. மண்டல ஆபீசிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் வந்து எட்டுப் பேரையும் தனித்தனியாக விசாரித்தார். மூன்றாவது வாரம் எட்டுக் கணக்கிலும் பணம் திரும்ப ஏறிவிட்டது. மந்திரமூர்த்தியின் பாஸ்புக்கில், இன்சூரன்ஸ் தொகை திரும்ப வரவு, இருபத்து மூவாயிரத்து அறுநூறு என்று கொட்டை எழுத்தில் அச்சாகி வந்தது. போனில் போன ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது மட்டும் வரவில்லை. அது நீங்களே ஏழு தடவை அழுத்தி வாங்கியது என்று சொல்லிவிட்டார்கள்.

மை காய்வதற்கு முன்னால் பசுவந்தனைக்கு பஸ் ஏறினார். வெயிலம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். விரலை வைத்துத் தேதியையும் பார்த்தாள்.

"அப்ப பிரிட்ஜு?"

"சீட்டு எடுத்தாவ. சத்தியமா."

"இத மொதல்லயே காயிதத்தோட சொல்லியிருக்கலாம்லா" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பேச்சிராஜா தாமே புல்லட்டில் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு வந்து பஸ் நிறுத்தத்தில் விட்டார். மாப்ள பேங்கையே பணிய வச்சிட்டாவ என்று அங்கே நின்றவர்களிடம் சொன்னார். பஸ்ஸில் வெயிலம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, இளைச்சுப் போயிட்டிய என்று மட்டும் சொன்னாள். எதிர் ஜன்னலுக்கு வெளியே கரிசல் முழுக்க மக்காச்சோளம் கதிரும் பூட்டையுமாக நின்றது, அதைப் பார்க்கிற மாதிரி மந்திரமூர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. லோடு வரவில்லை, கடையில் ஒரு மூடை யூரியாகூட இல்லை. இருந்தும் கடையைத் திறக்கும்போதே வாசலில் கூட்டம் நின்றது. சோலைச்சாமி முன்னால் நின்றார். பின்னால் பசுவந்தனைப் பக்கத்து ஆட்கள், ஆளுக்கொரு சாக்கோடு எட்டயபுரம் பஸ் திரும்புகிற முக்கு வரைக்கும் நின்றார்கள்.

மந்திரமூர்த்திக்குப் புரிந்துவிட்டது. பேங்கிலிருந்து பணம் வாங்கிக் கொடுத்தவருக்கு மரியாதை செய்ய வந்திருக்கிறார்கள். சாக்கில் கம்போ, உளுந்தோ இருக்கும். வெள்ளந்தி ஜனங்கள், இதெல்லாம் எதற்கு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே சட்டைக் காலரை நீவிவிட்டுக்கொண்டார். எல்லாருக்கும் டீ சொல்லுங்க என்று வெயிலம்மாளும் கல்லாவிலிருந்து சந்தோஷமாகச் சொன்னாள். புருஷனுக்காக இத்தனை பேர் வந்து நிற்பதை அவள் பார்த்ததில்லை.

சோலைச்சாமி இரண்டு கையாலும் ஒரு காகிதத்தை நீட்டினார். மந்திரமூர்த்தி வாங்கிப் பார்த்தார். நான் கேட்டது ஒன்று, அதனுடன் நான் கேட்காத வேறொன்றையும் சேர்த்து என்று முதல் வரியிலேயே தன் வாசகத்தை அடையாளம் கண்டுகொண்டார். எழுத்து என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தோன்றியது. அடுத்தவரும் ஒன்றை நீட்டினார். அதற்கு அடுத்தவரும் நீட்டினார்.

"இன்னும் இத்தன பேருக்கா புடிச்சிருக்காவ?" என்று அதிர்ந்துபோனார். "விடக் கூடாது. ஒருத்தரையும் விடக் கூடாது. எல்லாத்தையும் இன்னைக்கே கொண்டுபோயிக் குடுத்திருவோம்."

சாக்குகளை ஒவ்வொன்றாக வாசலில் இறக்கினார்கள். உளுந்து சாக்கு இறங்குகிற சத்தமாக இல்லை. வெயிலம்மாள் கல்லாவை விட்டு எழுந்து வந்து ஒரு காகிதத்தை வாங்கினாள். கண்ணாடியைத் தேடிக்கொண்டே, "இதெல்லாம் எந்த பேங்குக்கு?" என்று கேட்டாள்.

பாண்டியம்மாள் குனிந்து தன் சாக்கின் வாயை அவிழ்த்தாள். மூடி பிரிக்காத டானிக் பாட்டில்கள் வாசலில் உருண்டன.

"பேங்குக்கு இல்ல மைனி. காயிதம் அண்ணாச்சி எழுதிக் குடுத்ததுதான், ஒரு எழுத்து மாத்தல. பேங்குன்னு இருந்த எடத்த மட்டும் அடிச்சிட்டு, வெயிலம்மாள் உரக்கடைன்னு போட்டிருக்கோம்."